வரைபடத்தில் இருக்கிற வால்வு ரோட்டில் இல்லை: நகராட்சி ஜிஐஎஸ் பற்றிப் பேசுவோம்

குழாய்வழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் 11 வருடமாக ஜிஐஎஸ் (இடத்தோடு சேர்த்துத் தகவலைக் கணினி வரைபடத்தில் வைக்கிற முறை) வேலை பார்க்கிறேன். நகரத்தை டிஜிட்டல் வரைபடமாக்கினால் சேவை மேம்படும் என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் எழுதுகிறார்கள். மேம்படத்தான் செய்கிறது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எதனால் மேம்படுகிறது என்பதில்தான் பலருக்கும் தெளிவில்லை. நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எங்கள் விநியோகப் பகுதியில் ஏழெட்டுத் தெருக்களில் நாலு வருடமாகக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். புகார்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் மாதாந்திர அறிக்கை வார்டு வாரியாகத்தான் போகும். அந்தத் தெருக்கள் மூன்று வார்டுகளில் பிரிந்து கிடந்ததால் எந்த வார்டிலும் எண்ணிக்கை பெரிதாகத் தெரியவில்லை. குழாய் பழசு, உள்ளே துரு ஏறிவிட்டது, புதுசு போட வேண்டும் என்று மதிப்பீடு வரைக்கும் போய்விட்டது.

அந்தச் சமயத்தில் புகார்ப் பதிவேட்டில் இருந்த முகவரிகளைப் புள்ளிகளாக்கிக் குழாய் லேயர் (குழாய்களை மட்டும் காட்டுகிற வரைபட அடுக்கு) மேல் போட்டேன். வார்டு எல்லையை அணைத்துவிட்டுப் பார்த்தால், அத்தனை புள்ளிகளும் ஒரே 150 மி.மீ. குழாயின் கீழ்ப்பாதியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேல்பாதியில் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வால்வு.

மறுநாள் காலை ஃபிட்டரோடு போனேன். வரைபடம் காட்டிய இடத்தில் தார் மட்டும்தான் இருந்தது. மெட்டல் டிடெக்டரை ஓட்டிக்கொண்டே போனதில் நாலு மீட்டர் தள்ளிச் சத்தம் வந்தது. கடப்பாரையால் தாரை எடுத்தால் மூடி, அதற்குக் கீழே முழுக்க மண். அள்ளிவிட்டுச் சாவியை மாட்டித் திறந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். 12 சுற்றுத் திறந்தது. எப்போதோ ஒரு பழுதுக்காக மூடியவர்கள் பாதிதான் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன்மேல் ரோடும் போட்டாகிவிட்டது. அன்று சாயங்காலம் அந்தத் தெருக்களில் தண்ணீர் விசையோடு வந்தது. புதுக் குழாய் மதிப்பீடு தேவையில்லாமல் போனது.

என்னை உறுத்துவது என்னவென்றால், எங்கள் வரைபடத்தில் அந்த வால்வுக்கு நேரே 'நிலை: திறந்தது' என்று இருந்தது. சர்வே எடுத்தவர்கள் எல்லா வால்வுக்கும் அதே வார்த்தையை மேலிருந்து கீழ்வரை இழுத்து நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு வருடம் எல்லோரும் அதை நம்பினோம். அந்தத் தெருவில் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே என் கட்சி இது: சர்வே எடுத்து முடிந்த நாளில் சேவை மேம்பட ஆரம்பிப்பதில்லை. குழியில் இறங்கினவர் கண்டதை வரைபடத்தில் அன்றைக்கே திருத்துகிற ஏற்பாடு இருந்தால்தான் மேம்படும். பழுதுபார்ப்பு டிக்கெட்டை மூட வேண்டுமானால் முதலில் வரைபடப் பதிவைத் திருத்தியிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும். மற்ற பிரிவுகளில் வேலை பார்ப்பவர்கள், நகரவாசிகள், எல்லோரும் சொல்லுங்கள்.

---

செங்கல்மேடு

நல்ல இழை. நான் சொத்துவரிப் பக்கம். எங்களுக்கு வரைபடம் செய்த உதவி வேறு மாதிரி: கணக்கிலேயே இல்லாத கட்டடங்கள் தெரியவந்தன. வான்படத்தில் கட்டடத்தின் வெளிக்கோட்டை வரைந்து வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் மூன்று வகை கிடைக்கும். படத்தில் உண்டு, பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் உண்டு, படத்தில் இல்லை. இரண்டிலும் உண்டு, பரப்பு மட்டும் பொருந்தவில்லை. மூன்றாவது வகையில்தான் தகராறு அதிகம்.

சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன் 2020இல் இதைப் பெரிய அளவில் செய்தது. செயற்கைக்கோள் படத்திலிருந்து கட்டடங்களை எடுத்து, கூரை, சுவர், ஜன்னல், பாதை வசதி என்று வெளியிலிருந்தே தெரிகிற கூறுகளுக்குப் புள்ளி போட்டு மதிப்பிட்டார்கள். பதிவான சொத்துகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேலானது. எனக்கு அதில் பிடித்தது அதிகாரி மனம்போலக் கூட்டிக் குறைக்க இடமில்லாதது. பக்கத்து வீட்டுக்கு ஏன் குறைவு என்று கேட்டால் எந்தக் கூறுக்கு எத்தனை புள்ளி என்று காட்டிவிடலாம்.

ஆனால் குழாய்வழி சார் சொல்வது எங்களுக்கும் பொருந்தும். படம் எடுத்த மறுநாளே ஒருவர் மாடி கட்டத் தொடங்குகிறார். கட்டட அனுமதி தருகிற பிரிவு தன் கோப்பை எங்கள் லேயரில் ஏற்றாவிட்டால் ரெண்டு வருடத்தில் படம் பழசு.

---

நடுத்தெரு

நான் அரசாங்க வேலையில் இல்லைங்க, சாதாரணக் குடியிருப்பவன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

புகார் ஆப்பில் தெருவிளக்கு எரியவில்லை என்று போட்டேன். வரைபடத்தில் ஊசி குத்தச் சொன்னது, குத்தினேன். மூன்றாம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. விளக்கு எரியவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி தீர்க்கப்பட்டது. நேரில் போய்க் கேட்டால், நான் குத்தின ஊசி அடுத்த தெருக் கம்பத்துக்குப் போயிருக்கிறது, அந்த விளக்கு எரிகிறது, அதனால் மூடிவிட்டார்கள். ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தால் போதும். எங்கள் தெருவில் வயசானவர் ஒருவர் இருட்டில் கல் தடுக்கி விழுந்தார். அவருக்கு என்ன வரைபடம்?

அதோடு இன்னொரு கேள்வி. ஆப்பில் நிறையப் புகார் வருகிற பகுதிக்குத்தான் ஆள் போகிறார்கள். ஆப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் பகுதிக்கு யார் போவது?

---

குழாய்வழி

நடுத்தெரு, கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதல் விஷயத்துக்கு எளிய தீர்வு இருக்கிறது. ஒவ்வொரு கம்பத்திலும் கண் உயரத்தில் எண் எழுதி, அதே எண்ணை வரைபடத்திலும் வைக்க வேண்டும். புகார் தருபவர் எண்ணைச் சொன்னால் ஊசி எங்கே விழுந்தாலும் கவலை இல்லை. திறந்த வானத்துக்குக் கீழேயே கைபேசி ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் விலகும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். குறுகலான தெருக்களில் இருக்கிற இரண்டு கம்பங்களைப் பிரித்துச் சொல்ல அது போதாது. டிக்கெட்டை மூடுவதற்குப் புகார் கொடுத்தவரின் ஒப்புதலும் வேண்டும். இது மென்பொருளில் ஒரு நாள் வேலை. செய்யாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.

இரண்டாவது கேள்விதான் பெரியது. பாஸ்டன் நகரத்தில் 2012 வாக்கில் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்று ஒரு ஆப் விட்டார்கள். காரில் போகும்போது கைபேசி குலுங்குவதை வைத்து ரோட்டுக் குழிகளைத் தானாகவே பதிவு செய்யும். அருமையான யோசனை. ஆனால் ஸ்மார்ட்ஃபோனும் காரும் இருப்பவர்கள் ஓட்டுகிற ரோடுகளில் மட்டும்தானே பதிவு விழும்? முதியவர்களும் வசதி குறைந்தவர்களும் வாழ்கிற பகுதிகளில் குழியே இல்லாதது போலத் தெரிந்துவிடும். இந்தச் சிக்கலைச் செய்தவர்களே உணர்ந்து பேசினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் 2016இல் குப்பை விஷயத்தில் வேறு வழி எடுத்தது. புகாருக்குக் காத்திருக்காமல், ஊழியர்கள் காரில் ஒவ்வொரு தெருவாகப் போய் வீடியோ எடுத்து 1 முதல் 3 வரை மதிப்பெண் போட்டார்கள். காலாண்டுக்கு ஒரு முறை, நகரம் முழுக்க. புகாரே தராத தெருவும் அந்தக் கணக்கில் வந்துவிடும். புகார் வரைபடத்தையும் இப்படித் தெருத் தெருவாகப் போய் எடுத்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலைமை மோசமாக இருந்தும் புகார் வராத இடம் எதுவோ, அங்கேதான் முதலில் ஆள் போக வேண்டும்.

---

தடம்

நடுத்தெரு கேட்டதை ஒட்டி ஒன்று. நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடம்) தன்னார்வமாக வரைகிறவள். கென்யாவின் நைரோபியில் கிபேரா என்று மக்கள் நெருக்கமான பெரிய குடிசைப் பகுதி. 2009 வரை பொது வரைபடங்களில் அந்த இடம் வெற்றாகக் கிடந்தது. அங்கே வாழ்கிற இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி எல்லாவற்றையும் பதிந்தார்கள். 'மேப் கிபேரா' என்று பெயர்.

வரைபடத்தில் வெற்றிடமாக இருந்தால் அதிகாரிக்கு அங்கே ஆளே இல்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. குப்பை வண்டிக்கு வழித்தடம் போடுகிற மென்பொருளுக்கும் அப்படித்தான். சந்து வரையப்படவில்லை என்றால் வண்டி போகாது. யாரும் வேண்டுமென்று ஒதுக்கியிருக்க மாட்டார்கள், ஆனாலும் குப்பை அங்கேயே கிடக்கும். அதனால் வெற்றிடம் தெரிந்தால் உடனே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

---

மட்டக்கோல்

மழைநீர், கழிவுநீர்ப் பொறியாளன். எல்லோரும் மேலிருந்து பார்க்கிற படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு ஆழம்தான் உயிர்.

கழிவுநீர் பெரும்பாலும் சரிவில்தான் ஓடுகிறது. ஆகவே ஒவ்வொரு மேன்ஹோலிலும் இன்வர்ட் லெவல், அதாவது குழாயின் உள்ளடி மட்டம், தெரிய வேண்டும். எங்களுக்கு வந்த சர்வேயில் ஆழத்தை மூடியிலிருந்து அளந்து எழுதியிருந்தார்கள். ரோடு போடும்போதெல்லாம் தார் ஏறும், மூடியையும் உயர்த்துவார்கள். மூடி உயர்ந்தால் அதிலிருந்து அளந்த ஆழம் அன்றைக்கே பொய்யாகிவிடும்.

படத்தில் கோடுகள் அழகாக ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. கணினியில் ஒரு சின்னச் சோதனை ஓட்டினேன்: கீழ்முனை மேல்முனையைவிட உயரமாக இருக்கிற குழாய்களை மட்டும் சிவப்பாக்கு. திரை முழுக்கச் சிவப்பு. தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுவதாக எங்கள் வரைபடம் சொல்லிக்கொண்டிருந்தது! மட்டக்கோலும் கருவியுமாக மூன்று மாதம் திரும்ப அளந்தோம். பெரும்பாலானவை அளவுப் பிழை. ஆனால் சில இடங்களில் குழாயே எதிர்ச்சரிவில் பதிக்கப்பட்டிருந்தது. அடைப்பு என்று வருடா வருடம் ஆளை இறக்கிக்கொண்டிருந்த அதே இடங்கள். சரிவைத் திருத்திய பிறகு அங்கே அடைப்புப் புகார் வரவில்லை. ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்க வேண்டிய தேவையையே ஒரு சிவப்புக் கோடு நிறுத்த முடியும் என்பதால்தான் நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

இன்னொன்று. பூமிக்கடியில் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு, தொலைபேசி என்று ஆளுக்கொரு படம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் தோண்டும்போது இன்னொருவர் குழாய் உடைகிறது. பிரிட்டனில் வருடத்துக்கு ஏறத்தாழ 40 லட்சம் குழிகள் தோண்டுகிறார்கள், அதில் சுமார் 60,000 முறை ஏதாவது ஒரு குழாயோ கேபிளோ தவறுதலாக அடிபடுகிறது. அதற்காகத்தான் எல்லா நிறுவனங்களின் நிலத்தடிப் பதிவுகளையும் ஒரே இடத்தில் பார்க்கும்படி தேசியப் பதிவேடு ஒன்றை அங்கே உருவாக்கினார்கள். தோண்டுகிறவருக்கு ஐந்து அலுவலகம் ஏறி இறங்காமல் ஒரே திரையில் கிடைக்க வேண்டும்.

---

செங்கல்மேடு

@மட்டக்கோல், பழைய சர்வே தாள்களை எப்படிச் சேர்த்தீர்கள்? எங்களிடம் ஸ்கேன் செய்து வைத்திருப்பவை எல்லாம் வான்படத்தோடு பொருந்தாமல் நிற்கின்றன.

---

மட்டக்கோல்

டேட்டம், அதாவது இட அளவுகளுக்கு அடிப்படையாக வைத்த குறிப்புச் சட்டகம், வேறாக இருக்கும், அதை முதலில் பாருங்கள். பழைய தாள் ஒரு டேட்டத்திலும் ஜிபிஎஸ் இன்னொன்றிலும் இருந்தால் நூறு மீட்டருக்கு மேல்கூட நகர்ந்து நிற்கும். எல்லாத் தாளும் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் அதுதான் காரணம். ஒவ்வொரு தாளையும் கையால் இழுத்து ஒட்டவைக்காதீர்கள். அப்படி ஒட்டியதை அப்புறம் பிரிக்கவே முடியாது, நான் பட்டிருக்கிறேன்.

---

வெண்தாள்

சுகாதாரப் பிரிவில் இருக்கிறேன். வரைபடம் என்றாலே 1854இல் லண்டன் சோஹோவில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலரா எங்கிருந்து பரவியது என்று கண்டுபிடித்த கதையைச் சொல்வார்கள். பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பிராட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. இன்று எல்லோரும் காட்டுகிற அந்த வரைபடம் அச்சில் வந்தது அதற்குப் பிறகு. கைப்பிடியைக் கழற்றவைத்தது அவர் வீடு வீடாகப் போய் 'எங்கே தண்ணீர் எடுத்தீர்கள்' என்று கேட்டு வந்த பதில்கள். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுவடிப்பு ஆலைத் தொழிலாளர்கள் யாரும் சாகவில்லை, அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை. தூரத்தில் இறந்த சிலர் அந்தத் தண்ணீரை விரும்பி வரவழைத்துக் குடித்தவர்கள். புள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது எப்படித் தெரியும்? குழாய்வழி சாரும் ஃபிட்டரோடு நேரில் போனதால்தான் வால்வு கிடைத்தது.

எனக்கு இருக்கிற கவலையையும் சொல்லிவிடுகிறேன். திறந்த தரவு நல்லதுதான், தெருவிளக்கும் குழாயும் பொதுவில் வரட்டும். ஆனால் நோயாளி வீட்டைப் புள்ளியாக வைத்த படம் பொதுவில் போகவே கூடாது. பெயரை எடுத்துவிட்டோம் என்பார்கள். புள்ளி வீட்டுக் கூரை மேல் இருக்கும்போது பெயர் எதற்கு? காசநோய் என்று தெரிந்தால் வேலை போகிற குடும்பங்கள் உண்டு. எங்கள் பிரிவில் கட்டங்களாகத் தொகுத்து, ஒரு கட்டத்தில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அதைக் காட்டாமல் விடுகிறோம். களத்துக்குப் போகிற ஊழியருக்கு மட்டும் முழு முகவரி.

---

நடுத்தெரு

வெண்தாள் சொன்னதை இதுவரை நான் யோசித்ததே இல்லை. நன்றி.

குழாய்வழி சார், கம்ப எண் யோசனையை எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். நாங்களே எழுதலாமா என்று கேட்கிறார்கள்.

---

குழாய்வழி

எண்ணை நகராட்சிதான் தர வேண்டும், இல்லையென்றால் ஒரே எண் இரண்டு கம்பத்துக்கு வந்துவிடும். ஆனால் கம்பங்களின் பட்டியலை நடந்து எடுத்து, படத்தோடு கொடுங்கள். அந்த வேலை முடிந்திருந்தால் மறுப்பது கஷ்டம்.

---

தடம்

ஆளில்லை, காசில்லை என்பார்கள், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் இலவசம், 2002இலிருந்து வளர்ந்து வருகிறது, நகராட்சி வேலைக்குத் தாராளமாகப் போதும். கைபேசியில் களப்பதிவு செய்யவும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. செலவெல்லாம் ஆளுக்குத்தான். வாங்கிய வருடம் கோலாகலமாக இருந்து, உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாம் வருடம் திறக்கக்கூட முடியாத அமைப்பை நான் பார்த்திருக்கிறேன். தரவைத் திறந்த வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

---

தோண்டுமுன்

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன். களத்தில் கண்டதைப் பதிவில் உடனே திருத்த வேண்டும் என்று குழாய்வழி சொன்ன கருத்துக்கு நான் அறிந்ததிலேயே பெரிய சான்று அமெரிக்காவின் ஃப்ளிண்ட் நகரம். 2014இல் தண்ணீர் மூலத்தை மாற்றியபோது அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கவில்லை, ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் இறங்கியது. குழாயை மாற்ற வேண்டும், ஆனால் எந்த வீட்டுக்கு ஈயக் குழாய் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பதிவுகள் கையெழுத்து அட்டைகளிலும் குறிப்பெழுதிய பழைய படங்களிலும் இருந்தன. நிறையத் தவறு.

பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளையும் வீட்டின் வயது முதலான விவரங்களையும் சேர்த்து, எந்த வீட்டில் ஈயக் குழாய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணிக்கும் ஒரு கணினி மாடல் செய்தார்கள். முக்கியமானது: தோண்டத் தோண்ட, கிடைத்த விடையை அந்த மாடலுக்குள் திரும்பப் போட்டார்கள். 2017இல் தோண்டிய 10 இடத்தில் ஏழு எட்டு இடத்தில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது. அடுத்த வருடம் அந்தக் கணிப்பை ஒதுக்கிவிட்டுப் பகுதி பகுதியாகத் தோண்டினார்கள். நூற்றுக்குப் பதினைந்து போலத்தான் கிடைத்தது. நல்ல குழாயைத் தோண்டிப் பார்த்து மூடிய ஒவ்வொரு நாளும் வேறெங்கோ ஒரு குழந்தை ஈயத் தண்ணீர் குடித்த நாள்.

---

மட்டக்கோல்

அருமையாகச் சொன்னீர்கள். குழாய்வழி, உங்கள் வால்வு அட்டவணையில் என்னென்ன பத்திகள் வைத்திருக்கிறீர்கள்? எங்கள் தண்ணீர்ப் பிரிவுக்குக் கொடுக்கிறேன்.

---

குழாய்வழி

வால்வு எண், விட்டம், எந்தப் பக்கம் சுற்றினால் மூடும் (எங்களிடம் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன, தெரியாமல் பலமாகத் திருகித் தண்டையே உடைத்திருக்கிறோம்), மொத்தச் சுற்று, கடைசியாகத் திறந்து மூடிய தேதி, யார், மூடி தெரிகிறதா தாருக்கடியிலா. அதோடு பக்கத்துக் கட்டடங்களின் இரண்டு மூலைகளிலிருந்து டேப்பால் அளந்த தூரம். இந்த இரண்டு அளவும் இருந்தால் ஜிபிஎஸ் இல்லாமலே ராத்திரியில் வால்வைப் பிடித்துவிடலாம், பழைய ஃபிட்டர்கள் நோட்டில் இப்படித்தான் வைத்திருந்தார்கள். 'நிலை' பத்தியைத் தானாக நிரப்ப முடியாதபடி பூட்டிவிட்டேன். தேதி போடாமல் ஏறாது.

---

செங்கல்மேடு

ஒரு சின்னச் சந்தேகம். சுற்றை மூடும்போது எண்ணுவதா, திறக்கும்போதா?

---

குழாய்வழி

இரண்டிலும். முதலில் இருக்கிற நிலையிலிருந்து முழுக்கத் திறந்து பாருங்கள். அங்கேயே சுற்று வந்தால் அது பாதி மூடிக் கிடந்தது என்று அர்த்தம், அதைத் தனியாக எழுதுங்கள். பிறகு நிதானமாக முழுக்க மூடி எண்ணி, திரும்பத் திறந்து எண்ணுங்கள். கேட் வால்வுக்கு விட்டத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கி இரண்டு மூன்று கூட்டினால் வருகிற எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 6 அங்குலத்துக்கு 20 போல. 11இல் நின்றுவிட்டால் பலம் போடாதீர்கள், உள்ளே மண் இருக்கும். கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, ஓடுகிற தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும்வரை பொறுமையாகச் செய்யுங்கள்.